பேரனுக்கு மருந்து கொடுக்கும்போது

சுங்கை சிப்புட்

அன்புள்ள லெட்சுமி,

கடிதம் கிடைத்தது. இங்கே இரண்டு வாரமாகச் சாயங்காலமானால் மழைதான். செம்பனை லாரிகள் போய்ப் போய் தோட்டச் சாலை முழுக்கச் சேறு.

பேரனுக்குக் காதில் சீழ் என்று படித்ததிலிருந்து மனசு அங்கேயே கிடக்கிறது. மருந்தைத் துப்புகிறான், மூக்கைப் பிடித்து ஊற்றுகிறோம் என்று எழுதியிருக்கிறாயே, அதை இன்றே நிறுத்துங்கள். மூக்கை அடைத்தால் பிள்ளை வாயால் மூச்சை இழுப்பான். அந்த இழுப்பில் மருந்து நுரையீரலுக்குப் போகக்கூடும்.

கிளினிக்கில் ஊசியில்லாத 5 மில்லி சிரிஞ்சு கேள். அவனை மடியில் நிமிர்த்தி உட்காரவைத்து, சிரிஞ்சு நுனியைக் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் வைத்து 1 மில்லி விடு. விழுங்கட்டும், அப்புறம் அடுத்த 1 மில்லி. நேராகத் தொண்டைக்குப் பீச்சினால் குமட்டும். டீ கரண்டியை நம்பாதே. ஒன்று 3 மில்லி பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும்.

கசப்புக்குப் பயந்தால் கொடுப்பதற்கு முன் ஒரு சின்ன ஐஸ் துண்டைச் சப்பக் கொடு, நாக்கு மரத்துவிடும். மைலோவில் கலப்பதென்றால் ஒரு கரண்டி மைலோவில் மட்டும். முழுக் கோப்பையில் கலந்து பாதியை வைத்துவிட்டால், எவ்வளவு உள்ளே போனதென்று யாருக்குத் தெரியும்? இனிப்பு என்று சொல்லியும் ஏமாற்றாதே. நாளைக்குத் தானே புட்டியை எடுத்துக் குடிப்பான்.

அமோக்சிசிலின் (சீழுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்) இரண்டாவது புட்டியைப் பொடியாகவே கொடுத்திருந்தால், முதலில் புட்டியைத் தட்டிப் பொடியை உதிர்த்துக்கொள். கொதித்து நன்றாக ஆறிய தண்ணீரைப் புட்டியில் போட்டிருக்கும் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே வரை ஊற்றிக் குலுக்கி, நுரை அடங்கியதும் கோடு வரை நிரப்பு. ஐஸ் பெட்டியின் கீழ்த்தட்டில் வை, உறையவிடாதே. ஒவ்வொரு வேளையும் குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் மருந்து அடியில் தங்கி, முதல் நாட்களில் வெறும் தண்ணீரும் கடைசியில் கெட்டியுமாகப் போகும். வலி விட்டதும் நிறுத்திவிடாதீர்கள், டாக்டர் சொன்ன நாள் வரை கொடுக்க வேண்டும்.

எனக்கு அதிகப் பயம் காய்ச்சல் மருந்தில்தான். பாராசிட்டமால் சிரப் இரண்டு விதமாக வருகிறது: 5 மில்லியில் 120 மி.கி., 5 மில்லியில் 250 மி.கி. ஒரு வேளைக்கு, எடையில் கிலோவுக்கு 15 மி.கி. கணக்கில் 12 கிலோ பிள்ளைக்கு 180 மி.கி., அதாவது முதல் வகையில் 7.5 மில்லி, இரண்டாவதில் 3.6 மில்லி. கிளினிக் புட்டி தீர்ந்து கடையில் மற்றதை வாங்கி அதே 7.5 மில்லியை ஊற்றினால் 375 மி.கி. போய்விடும், இரண்டு மடங்குக்கும் மேல். ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் குறைந்தது 4 மணி நேரம் இருக்கட்டும். 24 மணி நேரத்தில் 4 வேளைக்கு மேல் வேண்டாம்.

அமோக்சிசிலினோ பாராசிட்டமாலோ கொடுத்து 30 நிமிடத்துக்குள் வாந்தியெடுத்தால் அதே அளவை மறுபடி கொடுக்கலாம். அதற்கு மேல் ஆனால் அடுத்த வேளைக்குக் காத்திரு.

மருமகள் விடியற்காலையில் ஃபேக்டரி பஸ் ஏறிவிடுகிறாள் என்றாயே. பசியாறியதும் நீ கொடு, மத்தியானமும் நீ, தூங்கப்போகுமுன் அவள். யார் கொடுத்தாலும் நாள்காட்டித் தாளில் நேரத்தை எழுதிவிட்டுத்தான் சிரிஞ்சைக் கழுவ வேண்டும். இரண்டு பேர் இரண்டு தடவை கொடுப்பது அப்படித்தான் நின்றுபோகும்.

இரண்டு புட்டியிலும் உள்ள மி.கி. கணக்கையும் அவன் இப்போதைய எடையையும் எழுதி அனுப்பு. பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சரசு