வெயில் ஊருக்கு ஏற்ற ஆர்க்கிட்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்தாலே நர்சரிகளில் பூத்த ஆர்க்கிட் தொட்டிகளை வாங்குபவர்கள் அதிகம். பெரும்பாலும் அது பெலனாப்சிஸ். எங்கள் திருச்சி வெயிலில், மொட்டை மாடியில் வைத்தால் அது தாங்காது. விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வெளியில் வளர்க்க டென்ட்ரோபியம் கலப்பினங்களும் வாண்டாவும்தான் சரி. சாம்பல் கலந்த பழுப்புப் பூவும் நீல ஊதா உதடுமாகப் (பூவின் நடுவில் தனித்துத் தெரியும் இதழ்) பூக்கும் வாண்டா டெசலேட்டா நம் சமவெளி மரங்களிலேயே இயற்கையாக வளர்வது. மணமும் உண்டு.

நான் 50 சதவீத நிழல் வலையைக் கட்டி, அக்னி நட்சத்திர நாட்களில் மட்டும் அதன்மேல் இன்னொரு வலை போடுகிறேன். மண் வேண்டவே வேண்டாம். கரித்துண்டும் உடைந்த ஓடும் போதும், வேருக்குக் காற்று கிடைக்க வேண்டும். விடியற்காலையில் வேர் பச்சையாகும்வரை தண்ணீர் ஊற்றுவேன். நண்பகலில் இலையைத் தொட்டுப் பார்ப்பேன். சுட்டால் உடனே நிழலுக்கு மாற்றிவிடுவேன். இல்லாவிட்டால் முதலில் வெளுத்து, அப்புறம் கருகிவிடும். குருத்தில் தண்ணீர் தேங்கவும் விடக்கூடாது, அழுகிவிடும்.

ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் (Botanical Survey of India) ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது. மலையில் வளர்பவை எவை, சமவெளிக்கு ஏற்றவை எவை என்று அங்குள்ள வல்லுநர்களிடம் கேட்டு, ஏப்ரல் பிறக்கும் முன்பே உங்கள் நாளிதழில் வெளியிட வேண்டுகிறேன். நர்சரிக்காரர்களும் தொட்டியில் அதை எழுதி ஒட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, உறையூர், திருச்சி