ரப்பர்க் கடைக் கணக்கும் 8086-உம்

குலசேகரம்
23-11-2025

அன்பு மக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. அம்மாவுக்கு மூட்டுவலி தேவலை. போன ஞாயிறு திருவட்டாறு போனபோது வீட்டில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தேன். திண்ணையில் இருந்து மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்கள். “அவன் எப்பம் வருவான்” என்று என்னிடம்தான் கேட்டார்கள். டிசம்பரில் வருவாய் என்று சொல்லி வைத்திருக்கிறேன். மஸ்கட்டில் லீவு கேட்டுவிட்டாயா?

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் நம்ம ரப்பர்க் கணக்கு நிரல். 1995-இல் நீயும் நானும் ராத்திரி ராத்திரியாய் உட்கார்ந்து டர்போ பாஸ்கல் மொழியில் எழுதினோமே, அதேதான். சந்தைப் பக்கத்துக் கடையில் அது போன மாதம் வரைக்கும் ஓடிக்கொண்டிருந்தது. ரப்பர்ப் பால் கொண்டுவருகிறவர் பேரைப் போடு, எடையைப் போடு, பாலில் மிதக்கவிடுகிற மெட்ரோலாக் கருவி காட்டுகிற டி.ஆர்.சி.யை, அதாவது நூற்றில் எத்தனை பங்கு உலர் ரப்பர் என்பதைப் போடு, ரூபாய் வந்து நிற்கும். 42 கிலோ பால், டி.ஆர்.சி. 34 என்றால் 14.28 கிலோ உலர் ரப்பர், அன்றைய விலையால் பெருக்கு. முப்பது வருஷத்தில் ஒரு பைசா பிசகினதாக யாரும் சொன்னதில்லை.

ஐப்பசி பிறந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் நல்ல இடி. கடைக் கம்ப்யூட்டரில் மதர்போர்டும் ஹார்ட் டிஸ்க்கும் சேர்ந்தே போய்விட்டன. கணக்கு எழுதுகிற பிள்ளை சனிக்கிழமைதோறும் தரவுக் கோப்புகளைப் பென் டிரைவில் எடுத்து வைத்திருந்தாள், அதனால் கணக்கு தப்பியது. நிரல்தான் இல்லை. 1999-இல் நாம் சி.டி.யில் எழுதிக் கொடுத்த ஒரு பிரதி மட்டும் மேசை இழுப்பறையில் கிடந்தது. முதலாளி புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார், விண்டோஸ் 11. அதில் நம்ம நிரலைச் சொடுக்கினால், இது இந்தக் கணினியில் ஓடாது என்று ஒற்றை வரி. கொண்டுவந்து வைத்த பையனும் அதையே சொன்னான்: “பழசு அண்ணே, இனி ஓடாது, புதுசு வாங்குங்க.”

ஓடாது என்பது சரி. ஏன் ஓடாது என்று யாரும் சொல்லவில்லை, அது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று ராத்திரியே படிக்க உட்கார்ந்தேன். படித்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

நம்ம தாத்தாமார் காலத்து நில ஆதாரங்களை நினைத்துப் பார். 1956 நவம்பர் 1-க்கு முன்னால் இது திருவிதாங்கூர், கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சி. பத்திரம் பலதும் மலையாளத்தில், ஆண்டு கொல்லம் ஆண்டில். உங்கள் தாத்தாவுக்கு இரண்டு எழுத்தும் தெரியும். எந்தப் பத்திரத்தை நீட்டினாலும் படித்துவிடுவார், யாரையும் கூட்டிவர வேண்டாம். பழைய நிரலை ஓட்டுகிற சிப்பும் இப்படித்தான். கட்டமைப்பு, ஆர்கிடெக்சர் என்று சொல்கிறோமே, அது அந்தச் சிப்புக்கு எந்தக் கட்டளைகள் புரியும் என்ற உடன்பாடு. சிப்பின் உள்ளே இருக்கிற கம்பிகளும் சுற்றுகளும் வருஷத்துக்கு வருஷம் தலைகீழாக மாறலாம். வெளியே காட்டுகிற மொழி மாறாதவரை நிரலுக்கு எதுவும் தெரியாது.

நம்ம நிரலின் மொழி இன்டெல் 8086-இனுடையது, 1978-இல் வந்த சிப்பு. அதன் பதிவேடுகள், அதாவது வேலை செய்யும்போது எண்ணைப் பிடித்து வைக்கிற உள் இடங்கள், 16 பிட், பதினாறு 0 அல்லது 1. ஒரு பதிவேட்டைக் கொண்டு 65,536 இடங்களைத்தான் சுட்ட முடியும். முகவரிக் கம்பிகளோ இருபது, 10,48,576 பைட் வரை எட்டும். கையோ குட்டை, அலமாரியோ உயரம். அதற்கு அவர்கள் செய்த ஏற்பாடு, ஒரு பதிவேட்டில் இருப்பதைப் பதினாறால் பெருக்கி இன்னொரு பதிவேட்டில் இருப்பதைக் கூட்டுவது. செக்மென்ட், ஆஃப்செட் என்று நம்ம சாரிடம் படித்தோமே, அதன் முழு அர்த்தம் எனக்கு இப்போதுதான் உறைத்தது. பால்காரர் பட்டியலை 800 பேரோடு ஏன் நிறுத்தினோம் என்று ஞாபகம் இருக்கிறதா? ஆளுக்கு 80 பைட், 800 பேருக்கு 64,000. ஒரு செக்மென்டுக்குள் அவ்வளவுதான் கொள்ளும். இந்தக் குலசேகரத்துக் கடையில் எத்தனை பேருக்குக் கணக்கு வைக்கலாம் என்பதை 1978-இல் யாரோ தீர்மானித்துவிட்டார்கள். நினைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன்.

1985-இல் 386 வந்தது, 32 பிட். பழசைக் கைவிடாமல் இருக்க அதற்குள் ஒரு தனி அறை கட்டினார்கள், மெய்நிகர் 8086 நிலை என்று பேர். விண்டோஸ் நடந்துகொண்டிருக்கும்போதே அந்த அறைக்குள் நம்ம நிரல் இருந்து, தனக்கென்று ஒரு முழு 8086 கிடைத்ததாக நினைத்துக்கொண்டு வேலை செய்யும். கடையில் விண்டோஸ் எக்ஸ்.பி. காலத்திலும் அதற்குப் பிறகும் அது ஓடினது இந்த அறையில்தான். எல்லாம் 32 பிட் விண்டோஸ்.

64 பிட்டுக்கு இரண்டு வழிகள் போட்டியிட்டன. இன்டெல் 2001-இல் ஐட்டானியம் என்று அடியோடு புது மொழியோடு வந்தது. பழைய நிரல்கள் அதில் ஊர்ந்தன. போட்டிக் கம்பெனியான ஏ.எம்.டி. பழைய மொழியையே நீட்டி 2003-இல் ஆப்டெரான் சிப்பைக் கொண்டுவந்தது. எட்டுப் பதிவேடுகள் பதினாறாயின, ஒவ்வொன்றும் 64 பிட். உலகம் இந்த வழியில்தான் போயிற்று, இன்டெலும் பின்னால் வந்தது. ஆனால் இந்தப் புது வழியில் ஒரு நிபந்தனை உண்டு. இயங்குதளம் சிப்பை 64 பிட் நிலைக்குள் கொண்டுபோய்விட்டால், 32 பிட் நிரல்களுக்கு இடம் உண்டு, மெய்நிகர் 8086 அறை மட்டும் கிடையாது. 64 பிட் விண்டோஸ் நம்ம நிரலைத் திருப்பி அனுப்புவது இதனால். விண்டோஸ் 10 வரைக்கும் 32 பிட் பதிப்பு கிடைத்தது, 11-க்கு அது இல்லை. அதே கம்ப்யூட்டரில் முதலாளியின் 2006-ஆம் வருஷத்து பில் நிரல் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடுகிறது. அது 32 பிட்.

சிப்பு 8086-ஐ மறந்துவிடவில்லை என்பதுதான் என்னை ரொம்பத் தொட்டது மக்கா. இன்றைக்கும் இந்த வகைச் சிப்புகள் மின்சாரம் வந்ததும் முதலில் கண் திறப்பது 16 பிட் நிலையில்தான். அதன்பிறகுதான் படிப்படியாக மேலே ஏற்றுகிறார்கள். இந்த ஆரம்பத்தையே எடுத்துவிடலாம் என்று இன்டெல் 2023-இல் ஒரு திட்டம் வெளியிட்டு, 2024 கடைசியில் கைவிட்டது. ஆக, முதலாளி காலையில் சாயா குடித்துவிட்டு பட்டனை அமுக்குகிறபோது ஒரு கணம் நம்ம நிரலின் சொந்த ஊர் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு மெய்நிகர் கணினி, அதாவது கணினிக்குள் இன்னொரு கணினி, அமைத்து அதில் பழைய டாஸ் இயங்குதளத்தின் இலவச வடிவமான ஃப்ரீடாஸ் ஏற்றினேன். மெய்நிகர் கணினிக்கென்று சிப்பில் உள்ள தனி வசதியால் பழைய நிலையைச் சிப்பே அங்கே நடத்திக் கொடுக்கும் என்று படித்திருந்தேன். சி.டி.யிலிருந்து நிரலைப் போட்டு என்டர் தட்டினேன். திரையில் என்ன வந்தது தெரியுமா? ரன்டைம் எர்ரர் 200, பூஜ்யத்தால் வகுத்த பிழை என்று அர்த்தம்.

இருட்டு அறையில் தனியாக இருந்து “லேய்” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். 2000-இல் கடையில் பென்டியம் 3 வாங்கினபோது வந்த அதே பிழை! நீ மார்த்தாண்டத்திலிருந்து கடைசி பஸ்ஸில் ஃப்ளாப்பியோடு வந்து திருத்தினாய். திருத்தின பிரதி இடியில் போய்விட்டது. சி.டி.யில் இருந்தது திருத்துவதற்கு முன்னால் உள்ளது. அன்றைக்கு நீ காரணம் சொன்னாய், நான் தலையாட்டினேன், எனக்குப் பிடிபடவில்லை. இப்போது ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிரல் தொடங்கும்போது டர்போ பாஸ்கலோடு வருகிற, திரையைக் கவனிக்கிற சி.ஆர்.டி. யூனிட் ஒரு வெற்றுச் சுழற்சியை ஓட்டி, கடிகாரத்தின் ஒரு துடிப்புக்குள், அதாவது 55 மில்லி விநாடிக்குள், எத்தனை சுற்று ஆகிறது என்று எண்ணுகிறது. அதை 55-ஆல் வகுத்தால் மில்லி விநாடிக்கு எத்தனை என்று கிடைக்கும். அந்த ஈவு 16 பிட்டுக்குள், 65,535-க்குள் அடங்க வேண்டும். சுற்று 36 லட்சத்துச் சொச்சத்தைத் தாண்டினால் அடங்காது. ஈவு வழிந்தாலும் பூஜ்யத்தால் வகுத்தாலும் சிப்பு எழுப்புகிற குறுக்கீடு ஒன்றேதான், அதனால்தான் வகுக்கவே செய்யாத பூஜ்யத்தைச் சொல்லி நிரல் நின்றுவிடுகிறது. அந்த வரிகளை எழுதினவர்கள் காலத்தில் அவ்வளவு வேகமான சிப்பு கிடையாது. கம்ப்யூட்டர் வேகமாக இருப்பதே ஒரு நிரலைக் கொல்லும் என்பது எனக்கு இப்போதும் ஆச்சரியம்தான்.

பிறகு டாஸ்பாக்ஸ். இதில் சிப்பின் நிலையை நம்பி எதுவும் இல்லை. ஒரு நிரலே 8086-ஆக வேஷம் கட்டி, ஒவ்வொரு கட்டளையையும் வாங்கிப் படித்து, அது சொல்வதைச் செய்து காட்டுகிறது. தாத்தா போனபிறகு மலையாளம் தெரிந்த ஒருவரைக் கூட்டிவந்து பத்திரத்தை வரிவரியாகச் சொல்லக் கேட்பது போல. மெதுவாகத்தான் போகும். நமக்கு வேண்டியதும் மெதுவே. மில்லி விநாடிக்கு இத்தனை கட்டளை என்று வேகத்தைக் கட்டி வைக்க முடியும். குறைத்து வைத்தேன். எர்ரர் 200 போயிற்று. நீலத் திரையில் மஞ்சள் எழுத்தில் நம்ம மெனு வந்து நின்றது. கீழே ஓரத்தில் நம் இருவர் பேரின் முதலெழுத்துகள்.

அச்சுதான் இரண்டு நாள் இழுத்தது. நம்ம நிரல் நேராக, பழைய அச்சுப்பொறிகளைச் சொருகுகிற எல்.பி.டி. போர்ட்டுக்கு எழுதும், புதுப் பெட்டியில் அந்தப் போர்ட்டே இல்லை. டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகப் பிறந்தது, அதில் அச்சுக்கு வழியில்லை. அதிலிருந்து கிளைத்த டாஸ்பாக்ஸ்-எக்ஸில் உண்டு. போர்ட்டுக்குப் போவதை ஒரு கோப்பில் பிடித்து, யூ.எஸ்.பி. உள்ள டாட் மேட்ரிக்ஸ் அச்சுப்பொறிக்கு அனுப்பினேன். போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு முதல் சீட்டு வந்தது. பால் வெட்டு முடித்துக் கேனோடு நின்ற ஒரு அக்கா வாங்கிப் பார்த்துவிட்டு, பழைய சீட்டு மாதிரியே இருக்கு என்று மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு போனார். முதலாளி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

உன் மகன் வாங்கின ஆப்பிள் லேப்டாப்பைப் பற்றிக் கேட்டிருந்தாய். அதன் சிப்பு வேறு வம்சம், ஏ.ஆர்.எம். 2020 நவம்பரில் எம்1 வந்ததிலிருந்து அவர்கள் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். ஏ.ஆர்.எம்.மின் 64 பிட் மொழியில் ஒவ்வொரு கட்டளையும் சரியாக நாலு பைட். நம்ம பக்கத்து மொழியில் ஒரு பைட்டிலிருந்து பதினைந்து பைட் வரை எப்படியும் இருக்கும். இன்டெல் சிப்பு உள்ள மேக்குக்காக எழுதினதை ஆப்பிளின் ரொசெட்டா 2 என்ற மொழிபெயர்ப்பு நிரல் பெரும்பாலும் ஓட்டுவதற்கு முன்னாலேயே மொழிபெயர்த்து வைத்துக்கொள்கிறது, முழுப் பத்திரத்தையும் முதலில் தமிழில் எழுதிக் கையில் கொடுப்பது மாதிரி. ஆனால் அது 64 பிட் நிரல்களுக்கு மட்டும். நம்ம ரப்பர்க் கணக்கு அவன் லேப்டாப்பிலும் டாஸ்பாக்ஸில் ஓடும். வேஷம் கட்டுகிற ஆளுக்கு மேடை எதுவானால் என்ன? அவனிடம் ஓட்டிக் காட்டு, அப்பாவும் மாமாவும் எழுதினது என்று சொல்லு.

இப்போது உன்னிடம் ஒரு காரியம். இது தற்காலிகம்தான், 800 பேர் என்ற எல்லை அப்படியே இருக்கிறது, கடைக்கு இப்போது 780-க்கு மேல் வந்துவிட்டார்கள். மூல நிரல், நாம் தட்டச்சு செய்த பாஸ்கல் வரிகள், கிடைத்தால் இலவசமாகக் கிடைக்கிற ஃப்ரீ பாஸ்கல் தொகுப்பானில் போட்டு 64 பிட்டுக்கே தொகுத்துவிடலாம். திரைக்கும் அச்சுக்கும் உள்ள வரிகளை மட்டும் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கும். என்னிடமிருந்த ஃப்ளாப்பிகளில் பூசணம் பிடித்துவிட்டது. ஆனால் 1995-இல் ஓரத்தில் ஓட்டை போட்ட நீளத் தாளில் முழுவதையும் அச்செடுத்து நீ கொண்டுபோனாய், பச்சைக் கோடு போட்ட தாள். அது உங்கள் வீட்டு மச்சில், நீ படித்த புத்தகங்கள் இருக்கிற தகரப் பெட்டியில் இருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் கேட்டேன், பெட்டி இருக்கிறது, சாவி எங்கே என்று உனக்குத்தான் தெரியுமாம். சாவி எங்கே என்று எழுது. வருகிற ஞாயிறு ஏறிப் பார்க்கிறேன். இருந்தால் நானே வரிவரியாகத் தட்டச்சு செய்து வைப்பேன், நீ டிசம்பரில் வரும்போது இரண்டு பேருமாக உட்காருவோம்.

உன் கூட்டுக்காரன்