பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பி.டி. பீரியட் எங்கே போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஒன்பதாம் வகுப்போடு பிள்ளைகளின் விளையாட்டுக்கு முற்றுப்புள்ளி வைத்துவிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் பல பள்ளிகளில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு டைம்டேபிளில் பி.டி. பீரியட் இருக்கும், ஆனால் அந்த நேரத்தில் கணக்கு வாத்தியார் போர்டில் எழுதிக்கொண்டிருப்பார், இல்லையென்றால் ஸ்லிப் டெஸ்ட். என் மகளுக்கு இப்போது அதுதான் நடக்கிறது. கேட்டால், "பப்ளிக் எக்ஸாம்ங்க, ஒரு வருஷம்தானே" என்கிறார்கள். எங்கே ஒரு வருஷம்? பத்து, பதினொன்று, பன்னிரண்டு, அப்புறம் நீட் கோச்சிங், காலேஜ், வேலை, கல்யாணம், குழந்தை. கடைசியில் சுகர் வந்து டாக்டர் "தினமும் நடங்கம்மா" என்று சொல்லும்போது தெருமுனை வரை போய்வருவதே பெரிய பாடாக இருக்கிறது.

பின்லாந்தில் 1980-ல் 3 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பெரியவர்களான பிறகும் விடாமல் கவனித்து வந்திருக்கிறார்கள். சின்ன வயதில் கொஞ்ச நாள் விளையாடிவிட்டு விட்டவர்களைவிட, சில வருஷமாவது இடைவிடாமல் விளையாடியவர்கள்தான் வளர்ந்த பிறகும் உடற்பயிற்சி செய்யும் வாய்ப்பு அதிகம் என்று அதில் தெரியவந்தது. வீடு, வேலை, வசதி என்று வேறு காரணங்களும் சேரத்தான் செய்யும், எல்லாவற்றையும் பள்ளி தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் தொடர்ச்சிதான் முக்கியம் என்றால், அதை பதினாலு பதினைந்து வயதில் நாமே அறுத்து விடுகிறோமே.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் முன்னாலேயே அறுந்துவிடுகிறது. வயசுக்கு வந்த பெண் கிரவுண்டில் ஓடுவதா என்று வீட்டிலேயே நிறுத்திவிடுவார்கள். நான் படித்தது பெண்கள் பள்ளியில், எங்களுக்குக் கோ-கோ என்றால் உயிர். எட்டுப் பேர் ஒருத்தி இந்தப் பக்கம், அடுத்தவள் அந்தப் பக்கம் என்று பார்த்துக் குந்தியிருப்போம், முதுகில் ஒரு தட்டு, காதுக்குப் பின்னால் "கோ" என்று ஒரு கத்தல், யோசிக்க நேரமே கிடையாது, எழுந்து பாய வேண்டியதுதான். கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போது உள்ளங்கை எரியும், பாவாடை ஓரமெல்லாம் செம்மண். மாவட்டப் போட்டிக்குக்கூட நாங்கள் போனதில்லை. ஆனால் எங்கள் பி.டி. டீச்சர் பன்னிரண்டாம் வகுப்பு வரை ஒருத்தியையும் மரத்தடியில் உட்கார விடவில்லை, வீட்டில் தடுத்தால் அம்மாவை வரச் சொல்லிப் பேசுவார். அந்தக் கூட்டத்தில் பலரை இன்றைக்கும் விடிகாலையில் நடக்கும்போது பார்க்கிறேன், சேலைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ போட்டுக்கொண்டு. அஸ்தம்பட்டியில் இருக்கும் தோழி ஒருத்தி முழங்கால் வலி வந்த பிறகும் நடையை விடவில்லை, வேகத்தை மட்டும் குறைத்துக்கொண்டாள். ஒரு நாள் நடக்காவிட்டால் உடம்பு என்னவோ போல் இருக்கிறது என்கிறாள்.

இந்தியாவில் பெண்களில் 57 சதவீதம் பேருக்குப் போதிய உடல் உழைப்பு இல்லை என்று 2022-ஆம் ஆண்டு நிலவரத்தை வைத்து உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொல்கிறது. ஆண்களில் 42 சதவீதம். வீட்டு வேலை எல்லாம் செய்கிற பெண்களுக்கு இந்தக் கதி என்றால், அதன் தொடக்கத்தைப் பள்ளிக்கூட மரத்தடியிலும் தேட வேண்டாமா?

நம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 2016-ல் ரியோவில் தங்கம் வாங்கினார், பிறகு டோக்கியோவில் வெள்ளி, 2024-ல் பாரிஸில் வெண்கலம். அவரை உயரம் தாண்டச் சொல்லி ஊக்கப்படுத்தியது ஒரு பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியர். அந்த ஆசிரியர் இருந்த இடத்தில் அன்றைக்கு ஸ்லிப் டெஸ்ட் நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சரி, எல்லாப் பிள்ளையும் பதக்கம் வாங்க வேண்டியதில்லை. நாற்பது வயதில் மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினால் போதும், நான் கேட்பது அவ்வளவுதான்.

5 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகள் சராசரியாக ஒரு நாளைக்கு 60 நிமிஷமாவது ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. வாரத்துக்கு இரண்டு பீரியட் என்பதே அதற்குப் பக்கத்தில் வராது, அதையும் பிடுங்கினால் எப்படி? பள்ளி விட்ட பிறகு கேட்டைப் பூட்டாமல், கூட ஓர் ஆள் வைத்து, மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்தைத் திறந்துவிட்டால் அந்தந்தப் பகுதிப் பிள்ளைகள் விளையாடிக்கொள்வார்கள்.

நம் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு வேண்டுகோள். பள்ளி ஆய்வுக்குப் போகும்போது டைம்டேபிளைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். பத்தாம் வகுப்புக்குள் போய், கடைசியாக எப்போது கிரவுண்டில் இறங்கினீர்கள் என்று பிள்ளைகளிடமே கேளுங்கள். பெண் பிள்ளைகளிடம் தனியாகக் கேளுங்கள்.

– ஒரு வாசகி, அம்மாபேட்டை, சேலம்.