வேலையை விடாமல் படி, மக்களே

தக்கலை

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பிய விளம்பரத்தை அண்ணனிடம் சொல்லிப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். சனி, ஞாயிறு ஆன்லைன் வகுப்பு, வேலையை விட வேண்டாம், இரண்டு வருடத்தில் குற்றவியல் சட்டத்தில் எல்.எல்.எம். என்கிற முதுநிலைப் பட்டம் என்று போட்டிருக்கிறார்கள். பணத்தைத் தவணையில் கட்டலாமாம். போனில் நீ கேட்டபோது நான் பிடிகொடுக்காமல் பேசினேன். இது நின்று நிதானமாகச் சொல்ல வேண்டிய காரியம் என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ குற்றவியல் சட்டம் படிக்கத்தான் வேண்டும். வங்கி வேலையையும் விடக் கூடாது. ஆனால் இந்தப் படிப்பில் சேராதே.

எல்.எல்.எம். பட்டத்தை ஆன்லைனிலோ தொலைதூரக் கல்வியிலோ இரண்டையும் கலந்தோ நடத்துவதற்குத் தன் முன் அனுமதி வேண்டும், இல்லையென்றால் அந்தப் பட்டம் செல்லாது என்று, சட்டப் படிப்பை ஒழுங்குபடுத்துகிற இந்திய பார் கவுன்சில் 2025-ல் வெளிப்படையாகவே எச்சரித்தது. 'எக்சிகியூட்டிவ் எல்.எல்.எம்.' என்று பெயரை மாற்றி நடத்துவதையும் சேர்த்துத்தான் சொன்னார்கள். வேலைக்கோ, கல்லூரியில் பாடம் நடத்தவோ, பிஎச்.டி. சேரவோ அது உதவாது. நீ அனுப்பிய தாளை இரண்டு தடவை பார்த்துவிட்டேன், அனுமதியைப் பற்றி ஒரு வரி இல்லை. இங்கிலாந்தில் வேலைக்குப் போகிறவர்கள் எல்.எல்.எம்.மைப் பகுதிநேரமாகப் படிப்பது சாதாரணம். ஒரு வருடப் பாடத்தை இரண்டு வருடமாகப் பிரித்துப் படிக்கிறார்கள். உன் சிநேகிதி அங்கே அப்படிப் படிக்கிறாள் என்பதால் இங்கேயும் முடியும் என்று நினைக்காதே. நம் நாட்டு விதி வேறு. இங்கே எல்.எல்.பி. வகுப்பே காலை எட்டு மணிக்கும் இரவு ஏழு மணிக்கும் இடையில்தான் நடக்க வேண்டும் என்று பார் கவுன்சிலின் 2008 விதிகளில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சரி, அப்படியானால் என்னதான் செய்வது? இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதிக்கு ஒரு முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. தபால் வழிப் படிப்புதான். டிப்ளமோ என்றே சொல்லித்தான் தருகிறார்கள், எல்.எல்.எம். என்று சொல்லி ஏமாற்றவில்லை. வேலை பார்த்துக்கொண்டே அதை முடிக்கலாம். எல்.எல்.எம். ஆசை அப்புறமும் மனதில் இருந்தால், வங்கியில் படிப்புக்காக நீண்ட விடுப்புக் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு, நேரில் போய் உட்கார்ந்து படிக்கிற கல்லூரியில் சேர். சென்னையில் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் உனக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவசரப்பட வேண்டாம். உனக்கு வயது இருக்கிறது.

மாஜிஸ்திரேட் தேர்வு எழுதும் எண்ணமும் உனக்கு உண்டு என்று தெரியும். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதற்கு மூன்று வருடம் வக்கீல் தொழில் செய்திருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. முழுநேரச் சம்பள வேலையில் இருக்கிறவள் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது. ஆகவே எந்தப் பட்டத்தை வாங்கினாலும் அந்த மூன்று வருடம் அதில் அடங்காது. இதை யாரும் விளம்பரத்தில் போட மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

இவ்வளவும் தடை சொல்வதற்காக எழுதவில்லை மக்களே. இந்தப் படிப்பு உனக்கு எவ்வளவு பொருந்தும் என்று எனக்குத் தெரியும். உன் மேஜைக்குத் தினமும் என்ன வருகிறது? யாரோ ஒருவர் 1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு போன் பண்ணிப் புகார் கொடுக்கிறார், எங்கோ வடக்கே உள்ள ஒரு சைபர் ஸ்டேஷனிலிருந்து இந்தக் கணக்கை முடக்கு என்று உனக்குக் கடிதம் வருகிறது. கணக்குக்காரன் தக்கலையில் தேங்காய் வியாபாரம் செய்கிறவனாக இருப்பான். சரக்கு விற்ற பணத்தோடு திருட்டுப் பணம் கொஞ்சம் கலந்து வந்தது அவனுக்குத் தெரியாது. புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ஸில் பிரிவு 106-ன் கீழ் போலீஸ் தானே கைப்பற்றலாம், ஆனால் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். 107-ல் குற்றத்தால் வந்த சொத்தை முடக்க வேண்டுமென்றால் எஸ்.பி. ஒப்புதலோடு மனுப் போட்டு நீதிமன்ற உத்தரவு வாங்க வேண்டும். வந்த கடிதம் இதில் எது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்த ஒருத்தி வங்கியில் இருந்தால், அந்த வியாபாரியின் வீட்டில் அடுப்பு எரியும். நீ படிக்க வேண்டிய முதல் காரணம் இதுதான்.

அதே மாதிரி நீ எடுத்துக் கொடுக்கிற கணக்கு விவரம் நாளைக்குக் கோர்ட்டில் சாட்சியம். மின்னணு ஆவணத்தோடு கொடுக்கிற சான்றிதழை முன்பு 65பி சான்றிதழ் என்போம், அது கட்டாயம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் உறுதியாகச் சொன்னது. இப்போது புதுச் சாட்சியச் சட்டத்தில் பிரிவு 63. கருவியைக் கையாளுகிறவர் ஒரு பகுதியும் நிபுணர் ஒரு பகுதியும் கையெழுத்துப் போட வேண்டும், கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் எழுத வேண்டும். ஒரு சான்றிதழ் சரியில்லாமல் ஒரு பெரிய மோசடி வழக்கு தோற்றுப்போக முடியும்.

புதுச் சட்டங்கள் 2024 ஜூலை 1-ல் வந்தன. கொலை என்றால் எனக்கு வாயில் வருவது இன்னும் 302தான், உனக்கு 103. ஆனால் பழையதை ஒதுக்கிவிடாதே. அந்தத் தேதிக்கு முன்னால் நடந்த குற்றத்துக்கு இ.பி.கோ.தான். இன்னும் பல வருடத்துக்கு இரண்டும் பக்கத்துப் பக்கத்துக் கோர்ட் அறைகளில் ஓடும். இரண்டு எண்ணையும் எதிரெதிரே எழுதி ஒரு நோட்டுப் போட்டுக்கொள்.

எப்படிப் படிக்க வேண்டும் என்பதுதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது. போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக இத்தனை வருடம் எழுதியவள் என்ற உரிமையில் சொல்கிறேன். பாடப் புத்தகத்தில் குற்றம், குற்ற மனம், தண்டனை என்று அழகாக அடுக்கியிருப்பார்கள். வழக்கு அங்கே இல்லை, எஃப்.ஐ.ஆரில் இருக்கிறது. குளச்சலிலிருந்து ஒரு மீன்காரப் பெண் நடுராத்திரியில் தலையில் ரத்தத்தோடு வந்து நிற்பாள். அவள் சொல்வதை எத்தனை மணிக்கு எழுதினோம், அந்தத் தாள் எத்தனை மணிக்கு மாஜிஸ்திரேட் கைக்குப் போனது என்பதில் பாதி வழக்கு நிற்கிறது. கொலை வழக்கென்றால் எக்ஸ்பிரஸ் எஃப்.ஐ.ஆர். என்று ஒரு காவலர் கையில் கொடுத்து மாஜிஸ்திரேட் வீட்டுக்கே அனுப்புவோம். அதில் சில மணி நேரம் விளக்கமில்லாமல் தாமதமானால், அந்த இடைவெளியில் ஆளைச் சேர்த்தார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். அவர் பிடிப்பதும் நியாயம்தான்.

அப்புறம் மகஜர், அதாவது பறிமுதல் விவரத்தை எழுதிச் சாட்சி கையெழுத்து வாங்குகிற தாள். பறிமுதல் செய்த இடத்தில் நின்ற சாட்சி கோர்ட்டில் 'எனக்குத் தெரியாது, ஸ்டேஷனில் கையெழுத்து வாங்கினார்கள்' என்பான். அதற்காகத்தான் இப்போது சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுக்க வேண்டும் என்று பி.என்.எஸ்.எஸ். 105-ல் வைத்திருக்கிறார்கள். ஏழு வருடமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றத்துக்குத் தடயவியல் ஆட்கள் இடத்துக்கே வர வேண்டும் என்று 176-ல் இருக்கிறது, அதை நடைமுறைக்குக் கொண்டுவர மாநிலங்களுக்கு ஐந்து வருடம் வரை அவகாசம். நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். நாங்கள் வேலை பார்த்த காலத்தில் இது இருந்திருந்தால் எத்தனையோ உண்மையான வழக்குகள் தப்பித்திருக்கும்.

அதனால் வாரத்துக்கு ஒரு விடுதலைத் தீர்ப்பைப் படி. தண்டனை கொடுத்த தீர்ப்பில் எல்லாம் பொருந்தியிருக்கும், படிக்கிறவளுக்கு அதில் கற்றுக்கொள்ள இடம் குறைவு. விடுதலைத் தீர்ப்பில்தான் எந்தக் கண்ணி அறுந்தது என்று நீதிபதி ஒவ்வொன்றாக எழுதியிருப்பார். நாகர்கோவில், பத்மநாபபுரம், குழித்துறைக் கோர்ட்டுத் தீர்ப்புகளை இ-கோர்ட்ஸ் தளத்தில் தேடிப் பார். ஊர் தெரிந்தால் சம்பவ இடம் கண்ணில் நிற்கும், சாட்சி சொன்னது நடக்கக்கூடியதா என்று உனக்கே புரியும்.

இன்னொன்று. 2020 ஜனவரி 8-ல் நம் களியக்காவிளை சோதனைச் சாவடியில் சிறப்பு உதவி ஆய்வாளர் வில்சன் சாரைச் சுட்டுக் கொன்றார்கள். அன்றைக்கு ராத்திரி நான் தூங்கவில்லை. அதே வருடம் ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு அப்பாவும் மகனும் ஸ்டேஷனில் தாக்கப்பட்டு இறந்துபோனார்கள். அப்போதும் தூங்கவில்லை. இரண்டுக்கும் ஒரே மனசுதான் அழுதது. கைது செய்யும்போது என்னென்ன செய்ய வேண்டும் என்று டி.கே. பாசு வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் பதினொரு கட்டளை போட்டுவிட்டது. சாத்தான்குளம் ஸ்டேஷனில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர், பார்த்ததைப் பார்த்தபடி மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். கூட வேலை பார்க்கிறவர்களுக்கு எதிராக, அந்த ஸ்டேஷனுக்குள்ளேயே இருந்துகொண்டு அப்படிச் சொல்வதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று காக்கி போட்ட பெண்களுக்குத் தெரியும். குற்றவியல் சட்டம் படிக்கிற நீ போலீஸ் பக்கம், குற்றவாளி பக்கம் என்று பக்கம் பிரித்துக்கொண்டு படிக்காதே. அந்தத் தலைமைக் காவலர் நின்ற இடத்தில் நின்று படி.

தினம் ஒரு மணி நேரம் போதும், ஆபீஸ் போவதற்கு முன்னால். ராத்திரி வேண்டாம், நீ சோர்ந்து வருவாய். ஞாயிற்றுக்கிழமை தீர்ப்புக்கு. தேர்வு மாதத்தில் வீட்டுக்கு வராவிட்டாலும் அப்பாவும் நானும் கோபப்பட மாட்டோம், மட்டிப்பழமும் நேந்திரங்காய் சிப்சும் பார்சலில் வரும்.

இப்போதைக்கு இரண்டு காரியம் செய். அந்த விளம்பரக்காரர்கள் போன் பண்ணினால், பார் கவுன்சில் அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேள். தர முடியாது என்றால் அத்தோடு விடு. அடுத்தது, இக்னோ டிப்ளமோவுக்கு எப்போது சேர்க்கை என்று பார்த்து விண்ணப்பம் போடு. கட்டணத்தை நான் என் பென்ஷனிலிருந்து அனுப்புகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.

அடுத்த தடவை அனந்தபுரி ரயிலில் வரும்போது சனி, ஞாயிறோடு திங்கள், செவ்வாயும் விடுப்புப் போட்டுவிட்டு வா. பத்மநாபபுரம் கோர்ட்டில் நமக்குத் தெரிந்த வக்கீலம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சாட்சி விசாரணை நடக்கிற வழக்காகப் பார்த்து உன்னைப் பின்வரிசையில் உட்கார வைப்பார்கள். பத்தரை மணிக்கு முன்னால் போய்விட வேண்டும்.

அன்புடன்,
அம்மா