சால்வதோர் ரோசாவுக்கு, மார்ச் 15 அன்று

அன்புள்ள ரோசா அவர்களுக்கு,

இத்தாலிய ஓவியரான நீங்கள் 1673இல் ரோமில் கண்மூடிய நாள் இது.

லண்டன் நேஷனல் கேலரியில் இருக்கும் உங்கள் சூனியக்காரிகள் ஓவியத்தை இத்தனை நாள் பார்ப்பவர்களுக்கு நான் தப்பாகவே காட்டிவந்தேன். பட்ட மரத்தில் தொங்கும் பிணம், அதன் கால்நகத்தை வெட்டும் கிழவி என்று பூச்சாண்டிப் படமாக்கிவிட்டேன். மன்னியுங்கள். ஆனால் நடுவில் தொங்கும் அந்த வெளிறிய உடம்பை வைத்துக் கண்ணை இழுத்தது நீங்கள்தானே? அந்தப் படத்தை வைத்திருந்த உங்கள் நண்பர் கார்லோ டி ரோஸ்ஸி அதைத் திரையால் மூடிவைத்து, மற்ற படங்களெல்லாம் முடிந்த பிறகே திறந்துகாட்டினார். அதில் உங்களுக்கும் பெருமைதான்.

பார்க்கவேண்டியது இடது பக்கம். சவப்பெட்டியிலிருந்து எலும்புக்கூட்டைத் தூக்கிப் பிடித்து, அதன் கையில் எழுதுகோலைத் திணித்து எழுதவைக்கிறார்கள். படத்தின் உயரமே சுமார் 72 செ.மீ.; அகலம் 132. அச்சில் சுருக்கினால் அந்தக் கை இருட்டோடு கரைந்துவிடும். நேரில் பார்த்தாலும் வார்னிஷ் மினுக்கம் மறைக்கும்; ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து நின்றால்தான் விரல்கள் தெரியும். 1646 வாக்கில் வரைந்தது. அப்போது உயிரோடு இருப்பவர்கள் செத்தவனை எழுதவைத்தார்கள்.

பத்து வருடத்தில் எழுதவைக்கும் கை மாறிவிட்டது. 1656 கொள்ளைநோயில் நேப்பிள்ஸ் உங்களிடமிருந்து யாரையெல்லாம் பறித்தது என்று உங்களுக்கே சொல்லவேண்டியதில்லை. கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்துப் படத்தில், சிறகு முளைத்த எலும்புக்கூடு தாய்மடியில் இருக்கும் குழந்தையின் கையைப் பிடித்து எழுதவைக்கிறது: கருவானது குற்றம், பிறப்பு தண்டனை, வாழ்வு பாடு, சாவு கட்டாயம். சவப்பெட்டியில் இருந்ததற்கு இப்போது சிறகு. அந்தப் பிஞ்சுக் கையின் கொழுகொழுப்பை எத்தனை பதமாகத் தீட்டியிருக்கிறீர்கள்! பிள்ளையைத் தூக்கி வளர்த்த கைதான் அப்படித் தீட்டும்.

அந்தத் தாய் உங்கள் துணைவி லுக்ரேசியாவின் சாயல் என்கிறார்கள். அப்படியானால், அந்தக் கொள்ளைநோயில் உங்கள் மகனைப் பறிகொடுத்தவளின் தலையில் ரோஜா சூட்டி, கண்ணாடி உருண்டைமேல் உட்காரவைக்க எப்படி மனம் வந்தது? கூடவே வாழ்ந்தவளைச் சாவதற்குச் சில நாள் முன்புதானே மணந்தீர்கள்? மற்ற குழந்தைகள் பற்றியும் கேட்க இருக்கிறது. நாலு பேர் படிக்கிற இடம், இங்கே வேண்டாம்.

இனி இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் காட்டப்போகிறேன். முதலில் அந்தச் சவப்பெட்டி, பிறகு குழந்தையின் கை. தொங்கும் பிணத்தைக் கடைசியில் பார்ப்பவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.