2147483647 பற்றி உனக்கு

அன்புள்ள கண்ணு,

நீ போனில் சொன்ன அந்த 2147483647 பற்றித்தான் எழுதுகிறேன். உங்கள் வேலையில் அது ஒரு எல்லை, 32 பிட்டில், அதாவது 0, 1 என்ற 32 இலக்கங்களில், பிளஸ் மைனஸ் குறியோடு எழுதக்கூடிய மிகப் பெரிய எண், தாண்டினால் கணக்கு மைனஸுக்குப் போய்விடும், 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8.44க்கு, வினாடிகளை இந்த 32 பிட்டில் எண்ணிவரும் பழைய கணினிகளின் கடிகாரம் தடுமாறப்போவதும் அதனால்தான். சரி. ஆனால் "ஏதோ ஒரு லிமிட்" என்று நீ சொன்னது எனக்கு மனசு கேட்கவில்லை. அது ஒரு பகா எண்!

முப்பத்தொரு 2களைப் பெருக்கி 1 கழித்தால் வருவது அது. இப்படி 2இன் அடுக்கில் ஒன்று குறைந்து வரும் பகா எண்களை மெர்சென் பகா எண்கள் என்கிறோம். எந்தெந்த அடுக்குகளில் பகா எண் வரும் என்று 1644இல் பிரெஞ்சுப் பாதிரியார் மெர்சென் தந்த பட்டியலில் 31ஆவது அடுக்கு உண்டு, ஆனால் 67உம் 257உம் கூட இருந்தன, அவை இரண்டும் தப்பு, அதனால் பட்டியலை நம்பி ஒன்றும் சொல்ல முடியாது. இது பகா எண்தான் என்று நிரூபித்தவர் கணித மேதை ஆய்லர், 1772இல், செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், பார்வை ஏறக்குறைய போய்விட்ட அறுபத்தைந்து வயதில்.

அவர் செய்ததுதான் எனக்கு அழகு. இதன் வர்க்கமூலம் 46340க்குச் சற்று மேல், அதுவரை உள்ள பகா எண்கள் எல்லாவற்றாலும் வகுத்துப் பார்ப்பதென்றால் நாலாயிரத்துக்கும் மேல் வகுத்தல். அவர் முதலில் யோசித்தார். ஒரு பகா எண் இதை வகுத்தால், அதில் 1 கழித்த எண்ணை 62 மீதியின்றி வகுக்க வேண்டும், அதோடு அந்தப் பகா எண்ணை 8ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7தான் வரும். இரண்டையும் சேர்த்தால், 248இன் மடங்கோடு 1 அல்லது 63 கூட்டி வரும் எண்களை மட்டும் பார்த்தால் போதும். அப்படி இருப்பவை மொத்தமே 372, அவற்றிலும் பகு எண்களைத் தள்ளிவிட்டால் நூறு கூடத் தேறாது. அவற்றில் எதுவும் இதை மீதியின்றி வகுக்கவில்லை, அதனால் இது பகா எண்.

2147483647ஐ 2இன் 30ஆவது அடுக்கால் பெருக்கினால் 2305843008139952128, செவ்விய எண், அதாவது தன்னைத் தவிர மற்ற வகுத்திகளையெல்லாம் கூட்டினால் அதுவே திரும்ப வரும்.

அப்புறம், இது பகா எண்ணாக இருப்பது உன் தொழிலுக்கும் உதவியிருக்கிறது. 1988இல் பார்க், மில்லர் இருவரும் பரிந்துரைத்த தற்செயல் எண் முறையில், கையில் உள்ள எண்ணை 16807ஆல் பெருக்கி, 2147483647ஆல் வகுத்து மீதியை எடுப்பார்கள். 16807 என்பது 7இன் ஐந்தாம் அடுக்கு. வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்து, பெருக்கும் எண்ணும் அதற்குப் பொருத்தமாக அமைந்ததால், 1 முதல் 2147483646 வரை ஒன்றுவிடாமல் வந்த பிறகுதான் வரிசை திரும்ப ஆரம்பிக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு பேப்பரை எடுத்து ஆய்லரின் வகுத்தலைக் கொஞ்சம் நீயும் போட்டுப் பார். முதலில் 311, ஈவு 6905092, மீதி 35. அடுத்தது 1303, மீதி 226. அதற்கடுத்த பகா எண் 1489, அதை உனக்கு விட்டிருக்கிறேன், கால்குலேட்டர் இல்லாமல் போட்டு மீதியை எழுது.

அன்புடன்,
அம்மா