கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்ட இரவுப் பதிவு: உறுப்பினர்களின் கவனத்திற்கு

அனைவருக்கும் வணக்கம். வரும் வெள்ளிக்கிழமை இரவு எடின்பரோவிலுள்ள கிரேஃபிரையர்ஸ் கல்லறைத் தோட்டத்தில், ஆவிகளின் குரல் ஏதும் பதிவாகிறதா என்று பார்க்க ஒலிப்பதிவு செய்யவிருக்கிறோம். ஸ்காட்லாந்தின் தலைமை அரசு வழக்கறிஞராக இருந்து 1691-இல் இறந்த ஜார்ஜ் மெக்கன்சியின் கல்லறை மண்டபத்தருகே கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று தங்களைத் தள்ளியதாகவும் கீறியதாகவும் 1990-களின் இறுதியிலிருந்து பலர் சொல்லிவருகின்றனர். மன்னரின் சமய ஆணையை ஏற்க மறுத்து, 1679-இல் பாத்வெல் பிரிட்ஜ் போரில் பிடிபட்டவர்கள் மாதக்கணக்கில் வெட்டவெளியில் அடைக்கப்பட்டிருந்த பகுதி இன்று பூட்டப்பட்டிருக்கிறது. வழிகாட்டியுடன் மட்டுமே உள்ளே செல்ல முடியும் என்பதால், யாரும் அதன் கதவில் ஏற முயல வேண்டாம்.

கருவியின் தானியங்கி ஒலியளவுச் சீராக்கத்தைக் கட்டாயம் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால், அமைதி நீளும்போதெல்லாம் கருவி தன் சொந்த இரைச்சலையே உயர்த்தி, யாரோ மூச்சுவிடுவதுபோல் காட்டிவிடும். சென்ற முறை நான் ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பக் கேட்ட ‘பொறு’ என்ற கிசுகிசுப்பு, என் மழைச்சட்டையின் கைநுனி கல்லில் உரசிய ஓசைதான் என்பதை இரண்டாவது கருவியே தெளிவாக்கியது. ஆகவே இரு கருவிகளை இடைவெளி விட்டு வைத்து, இருமல், காலடி, பையின் ஜிப் என நாம் எழுப்பும் ஒவ்வோர் ஓசையையும் உடனே வாய்விட்டுச் சொல்லிப் பதிய வேண்டும். பதிவைப் பிறரிடம் தரும்போது என்ன கேட்கும் என்று முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் அதுவே காதில் விழும்.

அங்கே உறங்குபவர்கள் பெயரும் உறவும் உடைய மனிதர்கள். கல்லறைகள்மேல் அமரவோ, கருவியைச் சாய்த்து வைக்கவோ, அவர்களைச் சீண்டும்படி கூவி அழைக்கவோ வேண்டாம். இரவு 9 மணிக்கு வாயிலில் சந்திப்போம்.